அறுப்பின் பண்டிகைப் பட்டியல்: நம் சேகரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய குருவானவர் ஐயா அவர்களுக்கும், சபை நிர்வாகத்தைக் கவனிக்கிற சேகரக் குழுவில் பணியாற்றும் அண்ணாச்சிமார், அக்காமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வருகிற அறுப்பின் பண்டிகையில் காணிக்கை கொடுப்போரின் பெயர்களையும் தொகைகளையும் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்தித் திரையில் காட்டுவதென்றும், அதே பட்டியலைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வெளியிடுவதென்றும் நீங்கள் தீர்மானித்திருப்பதை ஆராதனை அறிவிப்பில் கேட்டோம். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பண்டிகையில் நடக்கும் ஏலத்தை வெறுப்பவன் அல்லன் நான். விதைப்பும் அறுப்பும் இல்லாத இந்த மும்பையில், தாதர் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயையும் வாழைத்தாரையும் பீடத்தின் முன் வைத்து, ஆராதனை முடிந்தபின் வளாகத்தில் ஏலம் விட்டு, திருநெல்வேலிச் சீமையில் நம் தாத்தாமார் கண்டதை நம் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது காட்டுகிறோம். நூறு ரூபாய்ப் பூசணி நாலாயிரத்துக்குப் போகும்போது எழுகிற சிரிப்பில் குற்றமில்லை. ஆனால் இரண்டு குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே விலையை ஏற்ற, மைக் பிடித்தவர் இருவர் பெயரையும் மாறிமாறிச் சொல்லிச் சூடேற்றுகிற நேரத்தில், அங்கே தேவனுக்கென்று கொடுப்பது எவ்வளவு மீதியிருக்கிறது? கேட்ட விலையைக் கட்டுவதற்காகச் சீட்டைத் தள்ளி எடுத்தவர்களும் நகையை அடகு வைத்தவர்களும் நம்மிடையே உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள்.

பெயரைச் சொல்வதில் என்ன தவறு, வேதத்திலேயே பர்னபாவின் பெயர் வருகிறதே என்று குழுவில் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரத்தின் கடைசியில், சீப்புருதீவைச் சேர்ந்த அந்த லேவியர் தம் நிலத்தை விற்றுக் கிரயத்தை அப்போஸ்தலருடைய பாதத்தில் வைக்கிறார். பலர் அறியவே வைக்கிறார். ஆகையால் பிறர் அறியக் கொடுப்பது தன்னிலே பாவம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அடுத்த வசனத்திலேயே அனனியா வந்துவிடுகிறான். அவனும் நிலத்தை விற்று, கிரயத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்து, முழுவதையும் கொடுப்பதுபோல மீதியை மட்டும் கொண்டுவந்து, அங்கேயே விழுந்து மாண்டான். நிலத்தை விற்கவோ முழுக் கிரயத்தையும் கொடுக்கவோ அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விற்றபின்பும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார். பாதியைக் கொண்டுவந்து, இது பாதி என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு தீங்கும் நேர்ந்திராது. பர்னபாவுக்குக் கிடைத்த மதிப்பு தனக்கும் வேண்டும் என்ற ஆசையே அவனைப் பொய் சொல்லவைத்தது என்று நான் வாசிக்கிறேன். வசனம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லைதான். ஆயினும் இரண்டு சம்பவங்களும் இப்படி அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தொகைவாரியாகப் பெயர்களை அடுக்கிக் காட்டுகிற பட்டியல், பர்னபாக்களை உருவாக்குமோ இல்லையோ, அனனியாக்களை நிச்சயம் உருவாக்கும்.

ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாற்கு 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. இரண்டு காசு போட்ட விதவையைக் குறித்து அவர் சீஷரை அழைத்துச் சொன்னார். அவள் காதில் அது விழுந்ததாக மாற்கு எழுதவில்லை, அவள் பெயரையும் எழுதவில்லை. எருசலேம் தேவாலயத்தில் கொம்பு வடிவான 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அங்கே இரகசிய அறை என்று ஒன்றும் இருந்ததாம். தேவபயமுள்ளவர்கள் அதில் இரகசியமாகக் காணிக்கை வைப்பார்கள், நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள் அதிலிருந்து இரகசியமாக உதவி பெறுவார்கள். கொடுத்தவரின் பெருமைக்கும் வாங்கியவரின் வெட்கத்துக்கும் ஒரே அறையில் வழி அடைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கத்துச் சபைகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். சாக்கில் கொட்டிய பிறகு எது யாருடைய பிடி என்று எவருக்குத் தெரியும்?

தாராவியில் விடியுமுன்னே இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்புகிற தாய்மார் நம் சபையில் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் அவர்கள் பெயர் கடைசித் திரையில் வரும். பண்டிகை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராமலிருப்பவர்களில் சிலரை நான் அறிவேன். கேட்டால் காய்ச்சல் என்பார்கள்.

இந்தப் பழக்கம் ஆலய வாசலோடு நின்றுவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். வேலை போனதைச் சபையாருக்குச் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் காலையில் வழக்கம்போல் லோக்கல் ரயில் ஏறிப்போய் மாலையில் திரும்புகிற வாலிபனுக்கும், கடன் வாங்கியாவது கல்யாணத்தை மண்டபம் நிறைய நடத்துகிற தகப்பனுக்கும், மனுஷர் பார்வையே கணக்கு என்று நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பட்டறையில் ரெக்சினைத் தோல் என்று சொல்லி விற்க மறுத்ததால் ஒரு ஆர்டரை இழந்த சகோதரனுக்கு நம் திரையில் இடமில்லை. மனுஷருக்குப் பிரியமாயிருக்கும்படி பார்வைக்கு ஊழியம் செய்யாதிருங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியபோது, அதை அடிமைகளைப் பார்த்தே எழுதினார். எவரும் புகழ வாய்ப்பில்லாதவர்களின் வேலையையும் கர்த்தர் பார்க்கிறார் என்ற செய்தி, கூலிக்கு உழைக்கிற நம் ஜனங்களுக்கு எவ்வளவு தேவை!

பெயர்களை மறைத்தால் கணக்கு எப்படித் தெளிவாக இருக்கும் என்று பொருளாளர் கேட்பது சரியே. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பி, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் எழுதுகிறார். பணத்தைக் கையாளுகிறவர்கள் மனுஷர் கண்ணுக்கு முன் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். நம் சபையிலோ கொடுத்தவரின் பெயரை உரக்க வாசிக்கிறோம்; செலவுக் கணக்கை ஆண்டுக் கூட்டத்தின் கடைசியில், சாப்பாடு ஆறுகிற நேரத்தில், அவசரமாக வாசிக்கிறோம்.

பட்டியல் இல்லாவிட்டால் வருமானம் குறையும் என்பதே உங்கள் உள்ளான பயம் என்று நினைக்கிறேன். ஓரிரு ஆண்டுகள் குறையவும் கூடும். ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று, தேவனுடைய கட்டளையை மீறிய சவுல் ராஜா சாமுவேல் தீர்க்கதரிசியிடம் சொன்ன பதிலை நாமும் ஒருநாள் சொல்ல வேண்டாம்.

ஆகவே, இந்த ஆண்டு காணிக்கைகளை மூடிய உறையில் பெற்று மொத்தத் தொகையை மட்டும் அறிவியுங்கள். ரசீதைத் தனித்தனியே கொடுங்கள். ஏலம் நடக்கட்டும், பெயர் சொல்லாமல் விலையை மட்டும் சொல்லும்படி மைக் பிடிப்பவருக்குச் சொல்லிவையுங்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை முழுவதுமாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். புதிதாக வாங்கப்போகும் மின்விசிறிகளின் இறக்கைகளில் எவர் பெயரும் வேண்டாம்.

அநாமதேயக் கடிதம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். என் பெயரையும் குடும்ப அட்டை எண்ணையும் செயலாளரிடம் தனியே கொடுத்திருக்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் அழைத்தால் வந்து பேசவும் ஆயத்தமாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்,
மும்பை