பாண்டவர் பெயரில் எத்தனை மலைகள்?

இறந்தோருக்காகப் பெருங்கற்களால் எழுப்பிய பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பட்டியலிடும் வரலாற்று ஆர்வலர் குழுக்களுக்கும், அப்பட்டியல்களைப் பராமரிக்கும் தொல்லியல் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

'பஞ்சபாண்டவர் மலை' என்று ஒரு பதிவு வந்தால், அது எந்த மலை? ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தை ஒட்டி ஒன்று இருக்கிறது. மேலூர் வட்டம் கீழவளவில் இன்னொன்று. இரண்டும் சமணத் தளங்கள். ஆனால் 'பாண்டவர் வீடு', 'பாண்டவர் குழி' என்று கல்திட்டைகளையும் (தரைமேல் பலகைக்கற்களால் எழுப்பிய அறைகள்) கல்பதுக்கைகளையும்கூட (மண்ணுக்குள் பலகைக்கற்களால் அமைத்த அறைகள்) ஊரார் சொல்வார்கள். கேரளத்தின் மறையூரில் அதுவே முனியறை. கர்நாடகத்தின் ஹிரேபெணகலில் மோரியர் குன்று. யார் எழுப்பியது என்று தெரியாத கல்லுக்கு மக்கள் தமக்குத் தெரிந்த பழையவர்களின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயரைக் கேட்டபடியே எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள். ஆனால் பெயர் ஒன்று என்பதற்காக இரண்டு பதிவுகளை ஒன்றாக்காதீர்கள். பெயர், வகை, இடம் மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும்.

வகைதான் அதிகம் குழம்புகிறது. கல்வட்டத்துக்குள் கற்குவை, அதற்கு அடியில் பதுக்கை என்று அமைந்த ஒரு சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்புக் கட்டவும் சாலை போடவும் குவையின் கற்களை அள்ளிவிட்டால் வெறும் வட்டம்தான் மிஞ்சும். புதையல் தேடித் தோண்டினால் பலகைக்கற்கள் வெளியே தெரியும். வட்டக் கற்களும் போய்விட்டால், பார்ப்பவர் 'பதுக்கை' என்று மட்டும் எழுதுவார். இப்படி ஒரே சின்னம் மூன்று காலத்தில் மூன்று வகையாகப் பதிவாகி, மூன்று சின்னங்களாக எண்ணப்படுகிறது. ஆகவே இன்று கண்ணில் படுவதை ஒரு கட்டத்திலும், முன்பு இருந்ததாகக் கருதுவதை வேறொரு கட்டத்திலும் எழுதுங்கள். வட்டத்தின் விட்டத்தை வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் அளங்கள். குவையின் உயரம், நிற்கும் கற்களின் எண்ணிக்கை, இடைவெளிகள், பலகைக்கல்லில் இடுதுளை (குடைந்த துளை) இருந்தால் அது பார்க்கும் திசை ஆகியவையும் வேண்டும். விளிம்புக் கற்களோ பலகைக்கல்லோ தெரியாத வெறும் கற்குவியலுக்கு 'ஐயம்' என்று குறியிடுங்கள். உழவர் நிலத்தைச் சுத்தம் செய்து ஒதுக்கிய கற்களும் அப்படித்தான் கிடக்கும். உறுதி செய்வதற்காக ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம்.

எண்ணிக்கை முரண்படுவதற்கு இன்னொரு காரணம், ஒருவர் களம் முழுவதையும் ஒன்றாகவும் மற்றவர் ஒவ்வொரு வட்டத்தையும் தனியாகவும் எண்ணுவது. களத்துக்கு ஓர் எண், அதனுள் சின்னத்துக்கு ஓர் உட்பிரிவு எண் கொடுத்தால் இது தீரும்.

இடத்துக்கு வருவோம். பழைய பட்டியலில் சேலம் மாவட்டம் என்றிருப்பது 1965-க்குப் பின் தருமபுரியாகவும், 2004-க்குப் பின் கிருஷ்ணகிரியாகவும் ஆகியிருக்கலாம். பழைய பெயரை அழிக்காமல் இன்றைய வட்டத்தையும் ஊரையும் சேர்த்தெழுதுங்கள். 12 பாகை (டிகிரி) 30 கலை (நிமிடம்) என்பதை 12.30 என்று தட்டச்சு செய்தால் புள்ளி 22 கிலோமீட்டர் தள்ளிப்போகும். சரியான எண் 12.5. பழைய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவீட்டு அடிப்படையில் அமைந்தவை, கைப்பேசி டபிள்யூஜிஎஸ் 84 என்ற இன்றைய அடிப்படையில் காட்டுகிறது. மாற்றாமல் பதிந்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சில மீட்டர் அகலமே உள்ள கற்குவைக்கு இது பெரும் விலகல். தசமத்தில் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள், அது ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புல எண் (சர்வே எண்). கல்குவாரி உரிமம் புல எண்ணுக்குத்தான் வழங்கப்படுகிறது, மலையின் பெயருக்கு அல்ல. புல எண் இல்லாத பதிவு அந்த நேரத்தில் கைகொடுக்காது. உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணையும் வைத்திருங்கள். தோண்டப்படாத குவைகளின் துல்லிய இடத்தைப் பொதுவெளியில் இடாமல் பதிவேட்டில் மட்டும் வைப்பது நல்லது.

நேரில் பார்த்த நாள் இல்லாத பதிவுகளுக்கு 'நூல்வழி' என்று குறியிட்டு, மறுபார்வைக்கு ஒதுக்குங்கள். போய்ப் பார்த்து எதுவும் இல்லையென்றால் பதிவை நீக்காமல், 'இன்ன நாளில் காணவில்லை' என்று அதே எண்ணின் கீழ் எழுதுங்கள்.

இப்படிக்கு,
களப்பதிவில் ஈடுபட்டுள்ளோர்