மாட்டுக் கழுத்துப் பட்டைக் கருவி தவறான சினைப்பருவத் தகவல் தருவது குறித்துப் புகார்

அனுப்புநர்: பால் உற்பத்தியாளர், உச்சிப்புளி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

மாடு சினை பிடிக்கும் பருவத்துக்கு வந்தால் கைபேசிக்குச் செய்தி வரும் என்று சொல்லி, உங்கள் விற்பனையாளர் எங்கள் கலப்பினப் பசுக்களுக்குக் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டுப் போனார். செய்தி வரத்தான் செய்கிறது. மாடு பருவத்துக்கு வராத நாளில் வருகிறது.

நடமாட்டம் கூடி, அசைபோடுவது குறைந்தால் சினைப்பருவம் என்று கருவி கணக்குப் போடுகிறது. கொட்டகையில் கட்டித் தீனி போடும் பண்ணைக்கு அது சரி. இங்கே கோடையில் மாடு புல்லும் தண்ணீரும் தேடிக் கருவேலங்காட்டையும் ஊருணியையும் சுற்றி வரும். வெக்கையில் அசைபோடுவதும் குறையும். மேய்ச்சலுக்குப் போன மாட்டையெல்லாம் காளைக்கு அலைகிறது என்றால் எப்படி? நம்பி மருத்துவரை அழைத்தேன். சோதித்துவிட்டு, பருவமே இல்லை, சினை ஊசி வீண் என்று திரும்பிவிட்டார்.

உண்மையிலேயே பருவம் வந்தபோது கருவி வாய் திறக்கவில்லை. பால் கறக்கப் போன என் மனைவிதான், வாலோரத்தில் கண்ணாடி போன்ற சளி காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சொன்னார். மருத்துவர் வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. வெயில் காலத்தில் மாடு கத்தாமல், தாவாமல் ஊமைப் பருவமாகவே கழிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தானே இதை வாங்கினோம்? பருவம் இருப்பது சுமார் 12 முதல் 18 மணி நேரம். தவறவிட்டால் அடுத்தது ஏறக்குறைய 21 நாள் கழித்து. அதுவரை ஆகும் தீவனச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

பட்டையைக் கழற்றிப் பார்த்தால், சார்ஜ் ஏற்றும் முனைகளில் பச்சைக் களிம்பு. துடைத்தால் மறுபடி பூக்கிறது. உங்கள் சேவை மையத்தில் கேட்டால், உலோக அரிப்புக்கு உத்தரவாதம் கிடையாதாம். கடற்கரையில் உப்புக்காற்று அடிக்கும் என்பது விற்கும்போது தெரியாதா?

பட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். மேய்ச்சல் மாட்டுக்கு ஏற்றபடி கருவி போடும் கணக்கை மாற்றித் தருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னதை இனி நான் ஏற்பதாக இல்லை. 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீதும், பொய்யாக வந்த செய்திகளின் படங்களும் இத்துடன் உள்ளன. பட்டைகளை எடுக்க ஆள் அனுப்பினால் மதியத்தில் அனுப்புங்கள். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்