பாதியில் நிற்கும் பழைய கார்: விற்பதா, முடிப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, அமெரிக்காவின் பழைய 'மசில் கார்'களை, அதாவது நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எஞ்சினை வைத்து வேகத்துக்காகச் செய்யப்பட்ட கார்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுரை சுவையாகவே இருந்தது. ஆனால், அமெரிக்காவில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இத்தகைய கார் ஒன்றைப் பாதி வேலையில் நிற்கும்போதே மலிவாக வாங்கி, முடித்து விற்றால், தங்கத்தில் போட்ட பணத்தைக் காட்டிலும் கூடுதலாகத் திரும்பி வரும் என்று அதன் கடைசிப் பத்தியில் சொல்லியிருந்ததைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அப்படிப்பட்ட கார் ஒன்றைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டுக் காரேஜில் நிறுத்தி வைத்து, விற்பதா முடிப்பதா என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் கணக்குப் போட்டு, இந்த ஆண்டுதான் ஒரு முடிவுக்கு வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1969ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனக்குத்தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டிருந்த காலத்தில், பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும், ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாக அறிவிக்காமல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் வசதியாகக் காட்டி, 389 கன அங்குல எஞ்சினை அதற்குள் வைத்து 1964இல் விற்பனைக்கு விட்டார்கள். மசில் கார் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று இங்கே பலரும் சொல்வார்கள். 1969இல் அது 400 கன அங்குலமாக, அதாவது ஏறத்தாழ 6.6 லிட்டராக வளர்ந்து, அன்றைய அளவீட்டு முறைப்படி 350 குதிரைத்திறன் கொண்டதாகிவிட்டது. பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1973இன் எண்ணெய் நெருக்கடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் இந்த வகையே அடங்கிப்போனது தங்கள் கட்டுரையில் நன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

அதில் சொல்லப்படாத ஒன்று, இந்தக் கார்கள் அப்படியொன்றும் அபூர்வமானவை அல்ல என்பது. 1969ஆம் ஆண்டில் மட்டும் 72,000க்கு மேற்பட்ட ஜி.டி.ஓ. கார்கள் உற்பத்தியாயின. ஏலங்களில் பெருந்தொகைக்குப் போவதாக நாம் படிப்பவை பெரும்பாலும் 'ஜட்ஜ்' என்ற பெயரில் அந்த ஆண்டு வந்த, ஏழாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்ட சிறப்பு வகையைச் சேர்ந்தவை. அந்த விலையை எல்லா ஜி.டி.ஓ.வுக்கும் உரிய விலையாக நினைத்துக்கொள்வதில்தான் கணக்கு முதலில் பிசகுகிறது.

2009 ஏப்ரலில், பான்டியாக் என்ற பெயரையே நிறுத்திவிடப் போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அந்தக் கோடையில், என் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஓய்வுபெற்று புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, தாம் தொடங்கி முடிக்காமல் விட்டிருந்த இந்தக் காரை 6,500 டாலருக்கு எனக்குக் கொடுத்தார். சேசிஸ் என்னும் அடிச்சட்டகத்தின் மேல் பாடி உட்கார்ந்திருந்தது. கதவுகள், பானெட், இருக்கைகள், டாஷ்போர்டு எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. எஞ்சின் தனியாக ஒரு தாங்கியில் நின்றது. மற்றவை முப்பத்தொரு அட்டைப் பெட்டிகளிலும் எண்ண முடியாத காப்பித் தகர டப்பாக்களிலும் இருந்தன. 'எல்லாம் இருக்கிறது, பூட்ட வேண்டியதுதான்' என்றார் அவர். பொய் சொல்லக்கூடியவர் அல்லர், அப்படித்தான் நம்பியிருந்தார்.

இந்த டப்பாக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புலப்படுவதில்லை. ஒரு காரைக் கழற்றுவது ஓரிரு வாரத்து வேலை. கழற்றியவரின் கைக்கு, எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, எந்த வாஷர் எதற்கு அடியில் இருந்தது, கதவுக் கீலின் அடியில் எத்தனை தகட்டுத் துண்டுகள் சொருகப்பட்டிருந்தன என்பதெல்லாம் கொஞ்ச காலம் நினைவிருக்கும். அந்த நினைவு மங்குவதற்குள் அவரே திரும்பப் பூட்டிவிட வேண்டும். இரண்டாவது ஆளின் கைக்கு வரும்போது அது ஒரு காராக வருவதில்லை, விடை எழுதாத புதிர்களின் மூட்டையாகத்தான் வருகிறது. என் காரில் பின்பக்கக் கண்ணாடி இறக்கும் பொறியின் ஒரு பக்கத்தைச் சேர்த்துப் பொருத்த எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின; கடைசியில்தான் தெரிந்தது, அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் இரண்டு துண்டுகள் வேறு ஏதோ ஒரு காருடையவை என்று. துருப்பிடித்திருந்தாலும் கழற்றப்படாமல் முழுதாக நிற்கும் ஒரு பழைய கார், மினுமினுக்கும் உதிரிகளோடு பெட்டிகளில் கிடக்கும் அதே காரைவிட அதிக விலைக்குப் போவது இதனால்தான்.

அடுத்தது துரு. நான் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து மாதம் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் மேலான ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் எவ்வளவு தாராளமாகக் கொட்டுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு என் காருக்கு அந்தக் காலத்து நாகரிகப்படி வைனில் உறை போட்ட கூரை. அந்த உறைக்கு அடியில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், பின் கண்ணாடியின் கீழ் மூலைகளை அரித்து, அங்கிருந்து டிக்கிக்குள் சொட்டி, டிக்கியின் தரைத் தகட்டையும் தின்றுவிட்டிருந்தது. 2013இல் பாடியை ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். முன்பணமாக 4,000 டாலர் வாங்கிக்கொண்டு, பதினான்கு மாதம் கழித்து, ஒரு பக்கத் தரைத் தகட்டை மாற்றி, மறுபக்கத்தைப் பட்டி பூசி மூடித் திருப்பி அனுப்பினார்கள். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அது எங்கும் ஒட்டவில்லை; அங்கே இரும்புக்குப் பதில் பட்டிதான் இருந்தது. பழைய கார் பார்க்கப் போகும் எவரும் சட்டைப்பையில் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு போவது நல்லது.

இனி, கார் உண்மையில் எது என்ற கேள்வி. முடிப்பதற்கு ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய இதை நான் ஆறாம் ஆண்டில்தான் கேட்டேன். அந்த ஆண்டுகளின் ஜி.டி.ஓ.வுக்குக் கார் எண், அதாவது தொழிற்சாலையில் பொறிக்கப்படும் அடையாள எண், 242 என்று தொடங்க வேண்டும். என்னுடையது அப்படித்தான் தொடங்குகிறது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் கட்டணம் செலுத்தினால், கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது இருந்த விவரங்களின் நகல் கிடைக்கும். அதையும் பெற்றேன். பச்சை நிறம், தானியங்கிக் கியர், 350 குதிரைத்திறன் எஞ்சின் என்று அது சொல்லிற்று. ஆனால் தாங்கியில் நின்ற எஞ்சினில், கார் எண்ணோடு ஒத்துப்போக வேண்டிய பொறிப்பு ஒத்துப்போகவில்லை. அது 1970களின் நடுவில் வேறொரு காருக்காக வார்க்கப்பட்ட பிளாக். ஓட்டுவதற்கு இதில் ஒரு குறையும் இல்லை என்பது வேறு விஷயம். 1969இன் எஞ்சினுக்கு அழுத்த விகிதம் 10.75 என்பதால், ஈயம் நீக்கிய இன்றைய பெட்ரோலில் உயர்ந்த வகையை ஊற்றினாலும் அது தட்டும், அதாவது எரிபொருள் நேரங்கெட்டு வெடித்துச் சத்தமிடும். அழுத்தம் குறைந்த பிந்தைய எஞ்சினோ சாதாரண பெட்ரோலிலேயே முனகாமல் ஓடும். ஆனால் சேகரிப்பாளர் சந்தையில், பிறந்த எஞ்சினை இழந்த கார் இரண்டாம் தரம்தான், எவ்வளவு பளபளப்பாக முடித்தாலும்.

இந்தக் குறையை மறைக்க ஒரு குறுக்கு வழி உண்டு என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஆரஞ்சு கலந்த சிவப்பு அடித்து, பின்னால் ஒரு இறக்கையைப் பொருத்தி, ஜட்ஜ் என்ற ஒட்டுப்படங்களை வாங்கி ஒட்டிவிட்டால் காண்பவர் கண்ணுக்கு அது ஜட்ஜ்தான். இவை அனைத்தும் கடையில் புதிதாகக் கிடைக்கின்றன. தன் மகிழ்ச்சிக்காக அப்படிச் செய்துகொள்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விற்பதற்காகச் செய்வதைச் செட்டிநாட்டுப் பழைய தூண் என்று புதுத் தேக்கை விற்பவரின் தொழிலோடுதான் சேர்க்க வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். வாங்கியது 6,500 டாலர்; இதுவரை செலவழித்தது, ரசீதுகளைக் கூட்டிப் பார்த்ததில், 9,000 டாலர். மீதி வேலைக்கு மூன்று பட்டறைகளில் விசாரித்ததில், டிங்கரிங்கும் பெயின்டும் குறைந்தது 24,000. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரித்துச் சீராக்க 8,000. வயரிங், கண்ணாடி, பிரேக், இருக்கை உறைகள், குரோம் பூச்சு எல்லாம் சேர்த்து 12,000. ஆக மொத்தம் 59,500 டாலர். இந்தப் பகுதியில், பிறந்த எஞ்சின் இல்லாத, தானியங்கிக் கியர் கொண்ட, ஆனால் நன்றாக முடிக்கப்பட்ட ஜி.டி.ஓ. 40,000 முதல் 45,000 டாலருக்குக் கைமாறுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தங்கத்தோடு ஒப்பிட்ட கட்டுரையாளர் இந்தப் பதினைந்தாயிரம் டாலர் பள்ளத்தை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை.

கூலியைக் கழித்து நாமே செய்தால் என்ன என்பதே இதற்கு வழக்கமான பதில்; நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெல்டிங் ஓரளவுக்குக் கற்றுக்கொண்டேன். மீதமுள்ள வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி மணிக்கணக்கில் மதிப்பிட்டபோது 900 மணி நேரம் வந்தது. பிறகு, சென்ற ஆண்டு முழுவதும் காரேஜில் எத்தனை மணி நேரம் உண்மையில் வேலை செய்தேன் என்பதை ஒரு நாட்குறிப்பில் எழுதிவந்தேன். 46 மணி. இந்த வேகத்தில் முடிக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆகும். எனக்கு இப்போது வயது அறுபத்து மூன்று. சந்தை விலை, துரு, எஞ்சின் எண் ஆகிய எவையும் தராத தெளிவை இந்த ஒரு வகுத்தல் தந்தது. முடிப்பேனா என்று மனத்தைக் கேட்டால் அது 'முடிப்பேன்' என்றுதான் எப்போதும் சொல்லும். நாட்குறிப்பைத்தான் கேட்க வேண்டும்.

முடிக்கவே கூடாது என்பது என் வாதமன்று. ஆகஸ்டு மாதத்து மூன்றாம் சனிக்கிழமையில் பான்டியாக் நகரத்தையும் டெட்ராய்ட்டையும் இணைக்கும் உட்வர்ட் சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு, இவர்களெல்லாம் நட்டத்துக்கு ஏன் இதைச் செய்கிறார்கள் என்ற கேள்வியே எழாது. முழுதாக இருக்கும் கார் கிடைத்து, வேலையும் தெரிந்து, விற்கும் எண்ணமே இல்லாமல் ஓட்டுவதற்காக முடிப்பவர், நட்டக் கணக்கைப் பார்க்க வேண்டியதே இல்லை. மீன்பிடிக்கப் படகு வாங்குபவர் மீன் விலையையா பார்க்கிறார்? லாபத்துக்காக முடிக்கலாம் என்று கிளம்புபவரைத்தான் தடுக்க விரும்புகிறேன். ஊரிலிருந்து என் அக்கா மகன், காரைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிடலாமே மாமா, அங்கே கூலி குறைவு என்றார். இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள, மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய காரைப் பொது விதிகளின்படி இந்தியாவுக்குள் இறக்க முடியாது. அவர் சொன்ன நாளில், விலக்கு அளிக்கப்பட்ட மிகப் பழைய கார்களின் வரிசைக்கு 1969 இளமையாக இருந்தது.

ஆகவே விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எடுத்த எடுப்பில் விற்கவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்பு இருந்தபடியே கேட்டவர்கள் 11,000 டாலருக்கு மேல் போகவில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு தகட்டையும் வெட்டாமல், ஒரு சொட்டுப் பெயின்டும் அடிக்காமல், பெட்டிகளை மட்டும் பிரித்தேன். தொழிற்சாலைப் பழுதுநீக்கக் கையேட்டின் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் அடையாளம் கண்டு, பையில் போட்டு, பெயரெழுதி, இல்லாதவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் எழுதினேன். சக்கரங்களைப் பொருத்தி, கார் தானாக உருண்டு லாரியில் ஏறும் நிலைக்குக் கொண்டுவந்தேன். கதவுகளையும் பானெட்டையும் தளர்வாகவேனும் அவற்றின் இடத்தில் மாட்டிவைத்தேன். போன மாதம் வந்து பார்த்த ஒருவர் 14,500 டாலர் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். செலவு பைகளுக்கும் பேனாவுக்கும்தான். பாதியில் நிற்கும் காரை விற்க நினைப்பவர்களுக்கு, பழுதுபார்த்து விற்பதைவிட அடுக்கிக் கொடுத்து விற்பதே மேல் என்று நான் அனுபவத்தில் சொல்ல முடியும்.

வாங்குபவரிடம் எழுத்தில் கொடுக்க ஒரு தாளையும் தயார் செய்திருக்கிறேன். எஞ்சின் இந்தக் காருடன் பிறந்தது அன்று, டிக்கியின் வலப்பக்கம் பட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது, இல்லாத பாகங்கள் பத்தொன்பது, இது ஜட்ஜ் அன்று என்ற நான்கும் அதில் உள்ளன. எனக்கு விற்றவர் இப்படி ஒரு தாளைக் கொடுத்திருந்தால் நான் வாங்காமல் இருந்திருப்பேனா என்றால், அநேகமாக வாங்கித்தான் இருப்பேன். ஆனால் ஆறு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இந்தப் பொருளைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் மீண்டும் எழுதும் வாய்ப்பு வருமானால், முடிக்கப்பட்ட கார்களின் விற்பனை விலையோடு, அவற்றை முடித்தவர்களின் ரசீதுக் கட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர்,
ட்ராய், மிச்சிகன்.