பழைய கேமராவுக்கு சர்க்யூட் போர்டு கிடைக்குமா?

ஆசிரியருக்கு,

பிலிம் கேமராக்களின் காலம் முடிந்துவிட்டது என்ற பொருளில் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி சரி. நிக்கான் தன் எஃப்6 கேமராவை 2020-இல் நிறுத்தியது உண்மைதான். ஆனால் 2024-இல் பென்டாக்ஸ், கையால் பிலிம் சுற்றும் புத்தம்புதிய கேமரா ஒன்றையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸ்களுக்கோ சாவே இல்லை. 1959-இல் அறிமுகமான எஃப் மவுன்ட் (நிக்கானின் லென்ஸ் பொருத்தும் அமைப்பு) பழைய லென்ஸை இன்றைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராவின் பாடியில் அடாப்டர் வைத்து மாட்டலாம், ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும்.

உண்மையான சிக்கல் பிலிம் அல்ல, ரிப்பேர். நான் முப்பது ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தியவன். 1980களில் வாங்கிய என் நிக்கான் எஃப்எம்2 பிலிம் கேமரா இன்றும் 'டக்' என்று அடிக்கிறது. அதன் ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். பின்னால் வாங்கிய மின்னணுக் கேமராவோ பீரோவில் தூங்குகிறது. விலை என்னவோ அதற்குத்தான் அதிகம் கொடுத்தேன்! மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "சார், போர்டு கிடைக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே, தயாரிப்பை நிறுத்திய மாடல்களின் சர்வீஸ் கையேடுகளையும் சர்க்யூட் வரைபடங்களையும் நிறுவனங்கள் பொதுவில் வெளியிட வேண்டும். ஐ.டி.ஐ.களில் கேமரா பழுதுபார்ப்புக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சியும் தொடங்கலாம். சொல்லித்தர எங்களைப் போன்ற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறோம்.

- ஓய்வுபெற்ற புகைப்படக்காரர், திண்டுக்கல்