கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட சிறுகதையில் குழந்தை இறந்துபோவதைப் பற்றி இந்த இதழில் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ‘கஷ்டத்தை மறக்கத்தானே கதை படிக்கிறோம், முடிவை நல்லபடியாக எழுதினால் என்ன?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘இப்படி ஒரு சாவு வரும் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்’ என்கிறார் மற்றவர். நீங்கள் இருவரையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு, ‘வாசகர்களுக்கு மனத்திடம் வேண்டாமா?’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முதலாமவருக்கு அந்தப் பதில் பொருந்தும். இரண்டாமவருக்கு அது பதிலே இல்லை.

நான் 26 ஆண்டுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவன். நூலகப் புத்தகங்களில் வாசகர்கள் பென்சிலால் எழுதுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். துப்பறியும் நாவல் என்றால் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயர் இருக்கும். அதையெல்லாம் ரப்பர் வைத்து அழிப்பது என் மதிய நேரத்து வேலை. ஒருமுறை ஒரு குடும்ப நாவலின் உள்ளட்டையில் முத்து முத்தான கையெழுத்தில், ‘இதில் கைக்குழந்தை இறந்துவிடும். மனசு தாங்காதவர்கள் பார்த்து எடுக்கவும்’ என்று இருந்தது. அதன்கீழ் வேறொரு கையெழுத்தில் ‘நன்றி’. அதற்கும் கீழே மூன்றாவது ஒருவர், ‘கதையைச் சொல்லிக் கெடுத்த புண்ணியவானே!’ என்று திட்டியிருந்தார். விதிப்படி மூன்றையும் அழித்திருக்க வேண்டும். நான் புண்ணியவானை மட்டும் அழித்தேன்.

அந்த ‘நன்றி’யின் கனம் எனக்குப் பின்னால்தான் உறைத்தது. வாரம் தவறாமல் வரும் ஆசிரியை ஒருவர், மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்துவிட்டு ஆறேழு மாதம் வராமலே இருந்தார். திரும்ப வந்த அன்று, “நல்லதா ஒண்ணு குடுங்க சார்” என்றார். நானும் நல்ல நாவலாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். மறுநாள் காலை கதவு திறக்கும்போதே வந்தவர், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் உள்ளேயே இருந்தது. பிரித்துப் பார்த்தால், பைக் லாரியில் மோதுகிற பக்கம். நான் படித்த நாவல்தான். ஆனால் அந்த இடம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. எத்தனையோ கதைகளில் வருகிற ஒரு விபத்து, அவ்வளவுதான். அவரிடம் போய் மனத்திடத்தைப் பற்றிப் பேச முடியுமா ஐயா?

முன்னெச்சரிக்கை போடுவது மேல்நாட்டுப் பழக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அப்பத்தாவுக்கு மேல்நாடெல்லாம் தெரியாது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளையும் போட்டுத் தானும் விழுந்த கிணறு என்று இன்றும் காட்டுவார்கள். அந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளரவில்லை. அப்பத்தா திண்ணையில் வெற்றிலையை மடித்துக்கொண்டே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்ப்பாள். மாசமாக இருக்கும் பெண் கண்ணில் பட்டால், “ஏத்தா, நீ எந்திரிச்சு உள்ள போ, இது நீ கேக்குற கதை இல்ல” என்பாள். போன வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்த எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டால், சத்தமில்லாமல் தெனாலிராமனுக்குத் தாவிவிடுவாள்.

அவ்வளவு பார்க்கிறவள், கதை கிணற்றடிக்கு வந்துவிட்டால் எங்களுக்கு மசிய மாட்டாள். “அப்பத்தா, அண்ணன் அந்நேரம் ஓடியாந்துட்டான்னு சொல்லு” என்று கெஞ்சுவோம். “வரலையேடா, நான் என்ன செய்ய?” என்பாள். எத்தனை முறை கேட்டாலும் நல்லதம்பி பிந்தித்தான் வருவான். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அவள் கதையை மாற்றிக்கொள்வாள், ஆனால் எடுத்த கதையின் முடிவில் கைவைத்ததே இல்லை. அச்சிட்ட தாளுக்கு முகம் பார்க்கத் தெரியாது. அதற்காகத்தான் ஒரு வரி கேட்கிறோம்.

முன்கூட்டிச் சொன்னால் கதை செத்துப்போகும் என்று பயப்படுகிறவர்கள் சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகத்தை எடுத்துப் பார்க்கலாம். சிலம்பு விற்கப் போன கோவலன் கொல்லப்படுவான், கூடல் நகரமான மதுரை எரியும் என்று எல்லாமே புலவர் சாத்தனார் வாயால் அங்கேயே வந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் மங்கல வாழ்த்துப் பாடல், கல்யாணம். பெண்கள் கூடி மணமக்களை வாழ்த்துகிறார்கள்: பிரியாமல் இருங்கள், அணைத்த கை நெகிழாமல் இருங்கள். பதிகத்தைத் தாண்டிக் கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு அது எல்லார் வீட்டிலும் சொல்கிற வாழ்த்து. படித்துவிட்டு வருகிறவனுக்கு அந்த இடத்திலேயே தொண்டை அடைக்கும்.

சரி, முதல் கடிதக்காரருக்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திரையில் ‘சுபம்’ விழுந்தால்தான் நிம்மதியாக எழுந்து வந்த தலைமுறை நாங்களும். ஆனால் வாசகர் கேட்பது எப்போதும் நல்ல முடிவுதானா? 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா? அந்த முடிவுக்குத்தான் அவ்வளவு எதிர்ப்பு! ஜெயகாந்தன் கதையைத் திருத்தவில்லை. அந்த அம்மா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் வரும் அந்தப் பெண் கங்காவின் கதி என்ன ஆனது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ஐயா, எந்த வாசகரைக் கேட்டு முடிவை மாற்றுவது? எழுதியவரிடமே அதை விட்டுவிடுங்கள்.

அந்த ஒரு வரியையும் அளந்து போட வேண்டும். சினிமாவில் சிகரெட் வரும்போதெல்லாம் ஓரத்தில் வரும் எழுத்தை இப்போது யார் படிக்கிறார்கள்? ‘இக்கதையில் மாமியார் சண்டை உண்டு’ என்று போட ஆரம்பித்தால் உங்கள் பத்திரிகையில் வேறெதற்கும் இடம் இருக்காது. குழந்தையின் சாவு, தற்கொலை, பாலியல் வன்முறை. என்னைக் கேட்டால் இவ்வளவு போதும். தலைப்புக்கு அடியில் ‘சிறுகதை’ என்று போடுகிறீர்களே, அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். சாகப்போவது யார், எப்படி என்றெல்லாம் வேண்டாம். இதனால் வாசகர்கள் ஓடிவிட மாட்டார்கள். அலமாரிப் பக்கம் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சோக முடிவு என்று தெரிந்தும் அதே புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் நீட்டியவர்கள் எத்தனையோ பேர்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நூலகர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பி.கு.: தொடர்கதைக்கு இந்த வரியை எந்த வாரம் போடுவது என்று எனக்கே பிடிபடவில்லை. முதல் வாரமே போட்டால் 30 வாரமும் யார் சாகப்போகிறார்களோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வாரம் போட்டால், அதுவரை கூடவே வந்தவர் எப்படிப் பாதியில் இறங்குவார்? உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது யோசனை இருந்தால் எழுதுங்கள்.