ஓவியரின் வீட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கலைஞர்களின் இல்லங்களை அருங்காட்சியகங்களாகப் பேணுவது குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். தலவாக்கலைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் சித்திரம் கற்பித்தவள் என்ற வகையில், அக்கட்டுரை தொடாத ஒன்றை எழுத விரும்புகிறேன். இத்தகைய வீடுகள் மலையகப் பிள்ளைகளுக்கு எதற்காக வேண்டும் என்பதே அது.

கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றம், ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்து வரைந்த வீடு. 1904இல் பிறந்த அவர் லண்டன் ரோயல் கலைக் கல்லூரியிலும் பின்னர் பாரிஸிலும் பயின்று, தாகூரின் சாந்திநிகேதனிலும் தங்கியிருந்துவிட்டு நாடு திரும்பியவர். 1974இல் மன்றத்தை நிறுவினார். 1988இல் அவர் மறைந்த பின்னரும் அந்த ஓட்டு வீடும், அதன் சுவர்களில் அவருடைய படங்களும் நண்பர்களின் படங்களும், வருவோர் பார்ப்பதற்காக இன்றுவரை காக்கப்படுகின்றன.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, சாதாரண தரத்தில் சித்திரம் பயின்ற ஆறு பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றேன். பாடநூலில் தீப்பெட்டி அளவில் அச்சான படங்களை மட்டுமே கண்டிருந்த ஒரு மாணவி, ஓர் ஓவியத்தின் பக்கவாட்டில் போய் நின்று, சன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், சாயம் மேடு பள்ளமா இருக்கு" என்றாள். தூரிகை எந்தத் திசையில் இழுக்கப்பட்டது, எங்கே நின்றது என்பதை அவள் விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். இரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் நான் சொல்லியும் விளங்க வைக்க முடியாத ஒன்று அது. பிறகு அவள் கேட்டாள்: "இவரு இங்கயே படுத்து எழும்பி, இங்கயேதான் வரைஞ்சாரா?" தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளாகிய லயங்களில், ஆறு பேர் வாழும் ஓர் அறையில், தம்பி தூங்கிய பின் விளக்கடியில் வரைகிற பிள்ளை அவள். பெரிய கண்காட்சி மண்டபம் எதுவும் அவளிடம் அந்தக் கேள்வியை எழுப்பியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தச் சுவர்கள் சொல்லும் வரலாறும் நமக்கு அந்நியமானதன்று. 1943இல் லயனல் வென்ட், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலானோர் சேர்ந்து 43 குழுவை அமைத்தபோது, ஆங்கிலேயக் கலைச் சங்கங்களின் பழகிப்போன ரசனைக்கு வெளியே இந்த மண்ணுக்குரிய நவீன ஓவியத்தைத் தேடினார்கள். அவர்களுள் முதன்மையானவராகிய ஜோர்ஜ் கீட் 1901இல் கண்டியில் பிறந்து, அங்கே திரித்துவக் கல்லூரியில் படித்தவர். கீதகோவிந்தத்தில் தோய்ந்து அவர் தீட்டிய ராதையையும் கிருஷ்ணனையும், மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் ரதியையும் மன்மதனையும் கண்டு வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் எங்கள் பாடசாலைச் சுற்றுலாக்கள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், விமான நிலையம் என்ற தடத்தைவிட்டு விலகுவதில்லை. இந்த வீட்டையும் சேர்க்குமாறு ஒருமுறை நான் எழுத்தில் கேட்டபோது, "படம் பார்ப்பதற்கு ஒரு மணித்தியாலத்தை வீணாக்க முடியாது" என்று பதில் கிடைத்தது. ஆறு பிள்ளைகளை என் சொந்தப் பொறுப்பில் ரயிலேற்றியது அதன் பிறகுதான். வலயக் கல்வி அலுவலகங்கள் சித்திரப் பாட மாணவர்களுக்கேனும் இதை ஒழுங்கு செய்ய வேண்டும்.

வீடொன்றைக் காப்பாற்றுவது முடியாத காரியம் என்போருக்கு ஏனா டி சில்வாவின் வீட்டை நினைவூட்டலாம். மாத்தளை அலுவிகாரையைச் சேர்ந்த இந்த ‘பத்திக்’ (மெழுகிட்டுத் துணிக்குச் சாயமேற்றும் கலை) கலைஞருக்காக, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் நடுமுற்றம் வைத்துக் கட்டிய வீடு அது. ‘பத்திக்’ துணிகள் உருவான பட்டறையும் அதுவாகவே இருந்தது. அந்தக் காணி கைமாறியபோது, கல்லுக்குக் கல், ஓட்டுக்கு ஓடு இலக்கமிட்டுப் பிரித்தெடுத்து, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கையில் திரும்பவும் எழுப்பினார்கள். ஒரு முழு வீட்டையே இடம்பெயர்த்துக் காக்க முடிந்த நாட்டில், காமன் கூத்து வாத்தியார் ஒருவர் மறைந்ததும் அவருடைய கிரீடங்களும் சாயக் கிண்ணங்களும் கிடந்த லயத்து அறை மறுமாதமே வேறொருவருக்குக் கொடுக்கப்படுவதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். லயங்களுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் எழும்பட்டும். அவை எங்கள் மக்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை. அத்தகைய ஓர் அறையை மட்டும், சாமான்களோடு, அப்படியே விட்டுவைக்கத் தோட்ட நிர்வாகங்களும் ஆலய நிர்வாக சபைகளும் இணங்க வேண்டும்.

சபுமல் வீட்டுக்குச் செல்லும் மலையக மாணவர்களுக்கென எளிய தமிழில் பதினாறு பக்கக் கையேடு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 43 குழுவில் எஸ். ஆர். கனகசபை என்ற தமிழ் ஓவியரும் இருந்தார் என்பதை அதன் முதற்பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அச்சிட முன்வரும் பாடசாலைகளுக்கு அதனை இலவசமாகவே தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திரப் பாட ஆசிரியை,
தலவாக்கலை.