கடல் ஏறும் நேரத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாறைக் கடற்கரைகளைச் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாலை வெயிலில் பாறை நிறம் மாறுவதையும், இடிந்த கோட்டையின் ஜன்னல் வழியே கடல் தெரிவதையும் ரசித்து எழுதியிருந்தார்கள். எனக்கும் மணல் கரையைவிடப் பாறைக் கரைதான் பிடிக்கும். அதனால்தான் மனம் கேட்கவில்லை. மூன்று பக்கக் கட்டுரையில், கீழே இறங்குகிறவர்கள் எத்தனை மணிக்குள் மேலே ஏறிவிட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. எந்த விளிம்பில் நின்றால் படம் நன்றாக வரும் என்று சொன்னவர், அந்த விளிம்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் தம்பியும் அவன் மகளும் இப்படி ஒரு கரைக்குப் போயிருந்தோம். பாறைமுனை ஒன்றைச் சுற்றிப் போனால் அந்தப் பக்கம் சின்னக் குடா, அதன் மேலே பழைய காவல் கோபுரத்தின் பாதிச் சுவர். முனையடியில் ஈர மணல். இருபது எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். தாண்டினோம். குழந்தை பாறைக் குழிகளில் நண்டு தேடினாள். நாங்கள் கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டோம். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். திரும்பி வந்தால் அந்த மணலைக் காணோம். முழங்கால் வரை தண்ணீர், அலை வந்தால் இடுப்பு வரை. தம்பி மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். நான் பாறையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். கையெல்லாம் கீறல்.

அந்தப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கை கொடுத்து எங்களை இழுத்துவிட்டார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை, அவர் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பாறையைத் தொட்டுக் காட்டினார். அடியிலிருந்து கொட்டலசுகள், அதாவது பாறையில் ஒட்டி வாழும் சின்ன ஓட்டுயிர்கள், நெருக்கமாக ஒட்டியிருந்தன, மணல்தாளைத் தடவுவது போல இருந்தது. அதற்கு மேலே வழவழவென்று கரும்பாசி. அதற்கும் மேலே காய்ந்த சாம்பல் நிறப் பாறை. பாசி முடிகிற கோடு என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருந்தது. பெரியவர் கடலைக் காட்டினார், பிறகு அந்தக் கோட்டைக் காட்டினார். போகும்போது அதே பாறையில் கை வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறோம். கடல் எதுவரை வரும் என்பது அங்கேயே எழுதியிருந்தது. எங்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் ஓதத்தைப் பற்றி, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதைப் பற்றி, படித்தேன். பெரும்பாலான கரைகளில் ஒரு உச்ச ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக, ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்கவும் அவ்வளவுதான். ஆனால் ஒரே வேகத்தில் ஏறாது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக் கடலோடிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. தோராயக் கணக்குதான் என்றாலும், முதல் ஒரு மணி நேரம் கடல் அசையாதது போல இருப்பதும், நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி உயரம் ஏறிவிடுவதும் இதில் நன்றாகத் தெரிகிறது. நாங்கள் உட்கார்ந்திருந்தது அந்த நடு நேரத்தில்.

இன்னொன்று, இந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று மூன்று மணிக்குப் போய் வந்தவர் சொன்னார் என்று அடுத்த வாரம் மூன்று மணிக்குப் போக முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இந்த வித்தியாசம் 16 மீட்டர் வரை போகிறது. அங்கே ஹோப்வெல் பாறைகளுக்கு நடுவில், தண்ணீர் இறங்கியிருக்கும்போது கடல் தரையிலேயே மக்கள் நடக்கிறார்கள். எப்போது இறங்கலாம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். ஓத அட்டவணை முன்னதாகவே கணித்து வைக்கப்படுகிற விஷயம். பத்திரிகை அச்சுக்குப் போகும்போதே அது கையில் இருக்கும். காற்றும் புயலும் அந்தக் கணக்கை மாற்றலாம், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சரி, மேலே நிற்பவர்கள் கதைக்கு வருகிறேன். அலை பாறையின் மேல்பகுதியை அறுப்பதில்லை, அடியைத்தான் அறுக்கிறது. அடி குடைந்துகொண்டே போக, மேலே புல்லும் மண்ணும் பலகை போல நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு முனையில் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நானும் நின்றேன். அப்புறம் அரைக் கிலோமீட்டர் தள்ளி, கரை வளைகிற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தபோது வயிறு கலங்கியது. நாங்கள் நின்ற புல்திட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. விளிம்புக்கு இணையாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியதை அங்கேயே பார்த்திருந்தேன், வெயிலில் காய்ந்து வெடித்தது என்று நினைத்துவிட்டேன். நிற்கப்போகிற இடத்தை முதலில் பக்கத்து வளைவிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பெயர்பெற்ற இடங்களே இப்படித்தான் விழுந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா கரையிலிருந்த 'லண்டன் பிரிட்ஜ்' என்ற பாறை வளைவில், கரையோடு சேர்ந்த பகுதி 1990 ஜனவரி 15 அன்று இடிந்தது. அப்போது வெளிப்பக்கம் நின்ற இருவர் கடல் நடுவே மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள். அதே கரையில் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது. மால்டாவின் கோசோ தீவிலிருந்த 'அசூர் விண்டோ' வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் முழுசாகப் போய்விட்டது. எத்தனையோ பேர் அதன் உச்சியில் ஏறி நடந்தவர்கள்.

இடிபாடுகள் விஷயத்திலும் எனக்கு ஒரு வருத்தம். சுவர் மேல் ஏறினால் கடல் முழுவதும் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள். பல நூற்றாண்டு உப்புக் காற்றும் மழையும் தின்ற காரை அது, கையால் தேய்த்தாலே உதிரும். ஏறுகிறவருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம், ஒவ்வொரு காலடிக்கும் சுவரில் கொஞ்சம் குறைகிறது. இங்கிலாந்தின் டன்விச், இடைக்காலத்தில் பெரிய துறைமுக நகரம். கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த ஆல் செயிண்ட்ஸ் தேவாலயம் 1904 முதல் 1919 வரை துண்டு துண்டாகச் சரிந்து கடலில் விழுந்தது. கடல் எடுப்பதே போதும், நாமும் சேர்ந்து எடுக்க வேண்டாம். ஏறாமலே பார்க்கவும் வழி செய்யலாம். அதே இங்கிலாந்தின் டின்டேஜல் கோட்டையில் கரைக்கும் பாறைத் தீவுக்கும் நடுவே இருந்த நில இணைப்பு எப்போதோ இடிந்துபோக, 2019இல் அங்கே ஒரு நடைபாலம் கட்டித் திறந்தார்கள்.

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எனக்கு அனுபவம் குறைவு. கடற்பறவைகள் முட்டையிடும் காலத்தில் கூடுகள் இருக்கும் பாறைக்குக் கீழே நெருங்கிப் போகாதீர்கள் என்று மட்டுமாவது எழுதச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கட்டுரைக்குப் பக்கத்தில் சிறிய கட்டம் கட்டி, அந்த வாரம் கடல் ஏறி இறங்கும் நேரம், மேலே ஏற வேறு வழி உண்டா, கைபேசியில் சிக்னல் கிடைக்குமா என்று நாலு வரி போட்டால் போதும். அடுத்த இதழில் கடல் குகைகள் என்று அறிவித்திருக்கிறீர்கள். குகைக்குள் போனவருக்குத் திரும்ப வாசல் பெரும்பாலும் ஒன்றுதான். தண்ணீர் ஏறும்போது முதலில் மூடுவதும் அதைத்தான். அந்தக் கட்டுரையிலாவது நேரத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி